மெட்ராஸ் கட்டமும் கலபாரிப் பெண்களும்



நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் சதுப்பு நிலத்தில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். புகுமா, அபோனேமா, பகானா என்று உப்பங்கழியும் அலையாத்திக் காடும் சூழ்ந்த ஊர்கள். நைஜீரியா என்றதும் ஹவுசா, யொரூபா, இக்போ என்ற மூன்று பேரினங்களோடு பேச்சை முடித்துக்கொள்வதே வழக்கம். 250க்கும் மேற்பட்ட இனங்களை ஆங்கிலேயர் 1914இல் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த நாடு அது. 1960 அக்டோபர் 1 அன்று விடுதலை பெற்றது. அங்கே எண்ணிக்கையில் சிறியவர்களான கலபாரிகளைப் பற்றித் தமிழர் அவையில் பேசக் காரணம், அவர்கள் உடுத்தும் துணி.

அதன் பெயர் இன்ஜிரி. சிவப்பு, கருநீலம், வெள்ளையில் கட்டம் போட்ட பருத்தித் துணி. சோழமண்டலக் கரையின் கைத்தறிகளில் நெய்யப்பட்டுக் கப்பலேறிய மெட்ராஸ் துணிதான். பக்கத்து இக்போ மக்கள் இந்தியத் துணியை ‘ஜார்ஜ்’ என்கிறார்கள். சென்னைக் கோட்டையின் பெயரே அப்படி ஒட்டிக்கொண்டது என்பது பரவலான கருத்து.

வந்த துணியைக் கலபாரிப் பெண்கள் அப்படியே கட்டிக்கொள்ளவில்லை. ஊசிமுனையால் வெளிர்நிற நூலொன்றை நெம்பித் தூக்குகிறார்கள். பிளேடால் நறுக்குகிறார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு. இடைப்பட்ட நூலை உருவி எடுத்துவிடுகிறார்கள். கை தவறினால் துணி பாழ். நூல் போன இடங்களில் ஒளி ஊடுருவ, பழைய கட்டத்துக்குள்ளிருந்து புதுக்கோலம் எழுகிறது. ‘பெலெதே பிதே’, அதாவது வெட்டிய துணி, என்று அதற்குப் பெயர். நெய்தவர் கைவண்ணத்தின்மேல் இன்னொரு கைவண்ணம்! அந்த நொடியில் அது கலபாரித் துணியாகிவிடுகிறது.

இதைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பியர் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்குப் பெரிய இடம் உண்டு. கலபாரிகளின் பழைய துறைமுகத்திலிருந்தும் அடிமைக் கப்பல்கள் புறப்பட்டன. கலபாரித் தலைவர்களே இடைநின்று விற்றார்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபின், அந்தக் கரையில் பாமாயில் வணிகம் ஓங்கியது. துணி வருவது நிற்கவில்லை.

இன்றும் பெரியவர் ஒருவர் இறந்தால் குடும்பத்தின் துணிப்பெட்டி திறக்கிறது. பாட்டி காலத்து இன்ஜிரிகளை எடுத்து, சடலம் கிடத்தும் கட்டிலையும் அறையையும் அலங்கரிக்கிறார்கள். அங்கே மெட்ராஸ் கட்டத்தைத் தேடுபவர் உற்றுப் பார்க்க வேண்டும். அதன் நூல்கள் பலவற்றை யாரோ ஒரு பெண் எப்போதோ உருவி எடுத்திருப்பாள்.