மாட்டின் இரத்தம் சொல்லும் சாட்சி



மாடு தீனியைத் தொடவில்லை, பால் குறைந்துவிட்டது, ரோமம் சிலிர்த்து நிற்கிறது. உடனே குடற்புழு என்று மருந்து ஊற்றுவார்கள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவோரும் உண்டு. தீவன மூட்டையை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

பூசணம் பிடித்த சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. வேகவைத்தாலும் அது போகாது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த சோளத்தை உண்டு நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர். அவர்களுடைய வீட்டு நாய்களும் அதே நோயால் மாண்டன. நம் நாட்டில் 1988 அக்டோபரில் பேராக்கில் நூடுல்ஸ் உண்ட 13 பிள்ளைகள் உயிரிழந்தனர். அவர்களின் உடல்களில் இதே நஞ்சு கண்டறியப்பட்டது. ஆகவே இதை மாட்டுக் கொட்டகை விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருப்பது தெரியும். கல்லீரல் கெட்டது என்று அதில் புரியும். கெடுத்தது யார் என்று புரியாது. ஈரல் புழு இருந்தாலும் அந்த எண்கள் ஏறும். சரி, தீவனத்தையே சோதித்தால் என்ன? பூசணம் மூட்டையில் ஒரே சீராகப் பரவுவதில்லை, ஒரு மூலையில் கட்டிக் கிடக்கும். கை போட்டு எடுத்த பிடி நல்லதாகவே இருக்கலாம். மாடு படுத்த நாளில் அந்த மூட்டை தீர்ந்தும் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் இரத்தம் கைகொடுக்கிறது. கல்லீரல் அஃப்லாடாக்சினை மாற்றும்போது அதன் ஒரு துணுக்கு இரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தில் இறுக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதம் அழியும் வரை துணுக்கும் நீங்காது. ஆகவே சில வாரங்களுக்கு முன் தின்றதற்கும் சாட்சி கிடைக்கும். பூமோனிசின் என்ற மற்றொரு சோள நஞ்சு வேறு வகை. அது பன்றி, குதிரை உடலில் ஸ்பிங்கானின், ஸ்பிங்கோசின் என்ற இரு கொழுப்புப் பொருள்களின் விகிதத்தைக் குலைக்கிறது. விகிதம் ஏறினால் சந்தேகம் வலுக்கும்.

எல்லா நஞ்சும் இப்படிக் காத்திருப்பதில்லை. பன்றியை வாந்தியெடுக்க வைக்கும் டியாக்சிநிவலெனால் விரைவாகவே சிறுநீரில் போய்விடும். இரண்டு நாள் கழித்து எடுத்த இரத்தம் சுத்தமாக இருந்தால், தீவனமும் சுத்தம் என்று முடிவு கட்டக்கூடாது.

ஆல்புமின் சோதனைக்கு நுட்பமான கருவி வேண்டும். பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் செய்கிறார்கள். முடிவு வரட்டும் என்று அதே மூட்டையைப் போட்டுக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் அல்ல. இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. முதலில் தீவனத்தை நிறுத்த வேண்டும். கால்நடை மருத்துவரை அழைத்துத் தாமதமின்றி இரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும். மூட்டையின் பல இடங்களிலிருந்து பிடிப்பிடியாக எடுத்துக் கலந்து, தேதி எழுதி, காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கட்டினால் ஈரம் தங்கிப் பூசணம் வளரும்.

கறவை மாடாக இருந்தால் பாலையும் அனுப்புங்கள். தின்ற நஞ்சின் ஒரு பங்கு 'எம்1' என்ற உருவில் ஒரே நாளில் பாலுக்கு வந்துவிடும், காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பது சர்வதேச உணவுத் தர வரம்பு. தீவனத்தை மாற்றிய சில நாள்களில் அது இறங்கிவிடும். அதுவரை அந்தப் பாலை வீட்டுப் பிள்ளைகளுக்கோ வாடிக்கை வீடுகளுக்கோ ஊற்ற வேண்டாம்.