வாலிபர் மதுவருந்துவதேன்?

(சிதம்பரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று யான் பேசுமாறு பணிக்கப்பட்ட விஷயம் இனியதன்று. கல்வி நிதி, விவாகச் செலவு முதலியனவே நாம் கூடிப் பேசுவன. ஆயினும், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் மதுவருந்துகின்றனர் என்னும் செய்தி கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் வீடுகளில் தாழ்ந்த குரலிற் பேசப்பட்டு வருகின்றது. தாழ்ந்த குரலிற் பேசப்படும் நோய் வளரும். சபையிற் பேசப்படும் நோய்க்கே மருந்து கிடைக்கும்.

பிள்ளைகள் யாவரும் கெட்டனர் என்பது உண்மையன்று. 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் மதுவருந்துவோர் நூற்றுக்கு 1.3 பேர், 18 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 17 பேர். ஆகவே பழக்கம் மிகுந்திருப்பது பெரியோரிடத்தே. பிள்ளைகளை ஏசுமுன் நாம் இதனை நினைத்தல் வேண்டும்.

இனிக் காரணங்களை ஆராய்வோம்.

முதலாவது, வீடு. தந்தை குடிக்க உட்காருங்கால் தம்ளரும் தண்ணீரும் கொணர்பவன் யார்? மகனே. விவாகத்திற்கு முந்திய இரவிலும், சவ ஊர்வலத்திலும், மாமனும் சிற்றப்பனும் மறைவாய் ஒதுங்குவதைக் காண்பவன் யார்? அவனே. சந்தோஷத்திற்கும் துக்கத்திற்கும் இதுவே வழி என்றும், இதுவே ஆண்மை என்றும் ஒருவரும் சொல்லாமலே அவன் கற்றுக்கொள்கிறான்.

இரண்டாவது, தோழமை. இவ்வயதில் தாய் தந்தையர் கோபத்தினும் தோழர் பரிகாசமே கொடிது. முதல் மிடற்றை ருசிக்காக அருந்துவோர் சிலர். தனித்து விடப்படுவோமோ என்னும் அச்சத்தால் அருந்துவோர் பலர்.

மூன்றாவது, மனத்துயர். பரீட்சைத் தோல்வி, வீட்டுச் சண்டை, படிப்பை விட்டுக் கூலிக்குச் செல்லும் சிறுவனது உடல் அலுப்பு ஆகியவற்றைச் சொல்லி ஆற ஒருவரில்லாதபோது, அவன் புட்டியை நாடுகிறான்.

நான்காவது, எளிதிற் கிடைத்தல். 1937-இல் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். நம் தென்னாற்காட்டு ஓமந்தூரார் முதன் மந்திரியாயிருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் அது மாகாணமெங்கும் பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகின்றது. 21 வயது நிறையாதவருக்கு இங்கு மது விற்றலாகாது என்பது விதி. பெண்ணையாற்றுக்கு வடக்கே சில மைலில் புதுச்சேரி எல்லை. அங்கு வயது 18, விலையும் குறைவு. மோட்டார் சைக்கிளுள்ள வாலிபனுக்கு அது தூரமா?

“சிறிது பழக்கினால் அளவறிந்து குடிப்பான்” என்பர் சிலர். இது பெரும் பிழை. அறிவை அடக்கியாளும் மூளைப்பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முதிர்வதென்பர் வைத்திய நிபுணர். 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், 14 வயதிலோ அதற்கு முன்னரோ குடிக்கத் தொடங்கியோரில் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் பின்னாளில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதுக்குப் பின் தொடங்கியோரிலோ சுமார் பதின்மரே. இளமையிற் பழகியவன் அளவறிவதில்லை, அளவிழக்கிறான்.

இன்னும் குறைந்த விலையைத் தேடிச் செல்லும் வழி கள்ளச்சாராயத்தில் முடியும். முன்னர் நம் தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில், மெதனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது.

பரிகாரமுண்டா எனின், உண்டு. ஐஸ்லாந்து தேசத்தில் 1998-இல் 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்திய மாதத்தில் குடித்து வெறித்திருந்தனர், 2016-இல் ஐவரே. அங்குப் பெற்றோர் பிள்ளைகளோடு கூடியிருக்கும் நேரத்தை மிகுத்தனர். மாலைப் பொழுதுக்கு விளையாட்டும் சங்கீதமும் அளித்தனர். இரவிற் பிள்ளைகள் வெளியே திரியாவாறு ஊரார் கூடிக் காத்தனர். அவர்கள் செய்ததை நாம் செய்தலாகாதோ?

ஆதலின் இச்சபை முன் நான்கு வேண்டுகோள் வைக்கின்றேன். ஒன்று, நம்மவர் விவாகத்திலும் காதணி விழாவிலும் மரணச் சடங்கிலும் மது வழங்கலாகாது. வழங்கப்படும் வீட்டில் சங்க நிர்வாகிகள் கை நனைக்கலாகாது. இரண்டு, மது வாங்கவோ பரிமாறவோ பிள்ளைகளை ஏவலாகாது. 18 வயது நிறையாதவருக்கு மதுவைக் கொடுப்போருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டென 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் கூறுகின்றது. மூன்று, கிளைதோறும் மாலை நேரத்தில் விளையாட்டும் வாசகசாலையும் நடைபெற வேண்டும். அதற்குக் கல்வி நிதியிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கலாம். நான்கு, பழக்கத்தில் விழுந்த பிள்ளையை அடித்துத் துரத்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். குலத்துக்கு இழுக்கென்று மறைப்பதே அவனை இழக்கும் வழி.

தாய்மார்களே! திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் பிள்ளை பள்ளியில் மனப்பாடம் செய்கிறான். வீட்டிலோ அதற்கு மாறானதைக் காண்கிறான். ஏட்டிலுள்ளதும் வீட்டிலுள்ளதும் ஒன்றாகும்படி செய்வது நம் கையிலுள்ளது. இத்தீர்மானங்களை இன்றே நிறைவேற்றி, அடுத்த விவாகத்திலிருந்தே நடத்திக் காட்டுமாறு வேண்டுகின்றேன்.