எலும்பு காய்ந்த கட்டையல்ல
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேஜைமேல் இரண்டு கோழிக்கால் எலும்புகள் வைத்திருக்கிறோம். ஒன்றை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டோம்; ரப்பர்போல் வளைகிறது, பாருங்கள். மற்றதைத் தணலில் சுட்டெடுத்தோம். விரல் பட்டாலே நொறுங்குகிறது. வினிகர் சுண்ணாம்பு உப்பைக் கரைத்துவிட்டது. நெருப்போ கொலாஜன் என்னும் புரத நாரை எரித்துவிட்டது. உப்பு கெட்டியைக் கொடுக்க, நார் முறியாமல் தாங்குகிறது. தவளை, காகம், மாடு, மனிதன் எல்லாவற்றுக்கும் இதே கலவைதான். (சுறாவுக்கோ குருத்தெலும்பு.)

ஆனால் இது செத்த எலும்பு. உங்கள் காலுக்குள் இருப்பது உயிருள்ளது. அதிலுள்ள நுண்ணிய குழாய்களை 1691-ல் ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் விவரித்தார். அவற்றின் வழியே இரத்த நாளங்கள் ஓடுகின்றன. உள்ளேயிருக்கும் சிவப்பு மஜ்ஜை வினாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. இரத்தத்தில் அது குறைந்தால் இருதயமும் தசைகளும் தடுமாறும்; ஆகவே உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

பழைய எலும்பை அரித்தெடுக்க ஒருவகைச் செல்கள், புதிதாய்க் கட்ட வேறொருவகை. இந்த வேலை ஆயுள் முழுதும் நிற்பதில்லை. எலும்பு முறிந்தால் கூடுவதும் இதனால்தான். நாங்கள் நேராக நிறுத்திப் பிடிக்கிறோம், அவ்வளவே. எங்கே கட்ட வேண்டும் என்பதைச் சுமையே சொல்கிறது. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-ல் இதை விளக்கி நூல் வெளியிட்டார். எடையே தெரியாத விண்வெளியில் மாதக்கணக்காய்த் தங்குவோருக்கு, இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை தேய்கிறது.

கட்டிலிலும் இதே கதைதான். இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன பாட்டிமாரைக் கூடுமானால் மறுநாளே எழுப்பி நிறுத்துகிறோம். "நேத்துத்தானே அறுத்தீங்க, அம்மாவைக் கொஞ்சம் படுக்க விடுங்க சிஸ்டர்" என்று மகள்கள் கோபிப்பதுண்டு. பாசம் அப்படித்தான் பேசும். ஆனால் படுத்தே கிடந்தால் எலும்பு மட்டுமா தேயும்? முதுகில் படுக்கைப்புண், நெஞ்சில் சளி, காலில் இரத்தக்கட்டி! உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் முறிவல்ல, இவைதான்.

இன்னொன்று. கை முறிந்தவுடன் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். விரல் நீலமாகி மரத்துப்போனால் உடனே கட்டைத் தளர்த்துங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தம் போகாத கையில் எலும்பு எப்படிக் கூடும்? கையே போய்விடும்.

கூட்டம் முடிந்ததும் பெண்கள் வார்டுக்கு வாருங்கள். நீங்கள் வாங்கித் தந்த வாக்கரைப் பிடித்து ஒரு பாட்டி இன்று ஜன்னல்வரை நடக்கப்போகிறார்.