அஸ்தூரியாசின் மூன்று எழுத்துகள்



வட ஸ்பெயினில், மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பழைய மாகாணம் அஸ்தூரியாஸ். அங்கு நிலக்கரி வெட்டிய தொழிலாளர்கள் பல சங்கங்களாகப் பிரிந்து நின்றவர்கள். 1934 மார்ச்சில் அம்மாகாணத்தின் சோசலிஸ்ட் தொழிற்சங்கமும் அராஜகவாதத் தொழிற்சங்கமும் உடன்பாடு கண்டன. பின்னர் கம்யூனிஸ்டுகளும் இணைந்தனர்.

அக்டோபரில் மாட்ரிட் அமைச்சரவையில் வலதுசாரிக் கூட்டணியினர் மூவர் இடம்பெற்றனர். பாசிசம் வாயிற்படியேறிவிட்டதென உணர்ந்த தொழிலாளர்கள் அக்டோபர் 5 அன்று எழுந்தனர். பாறை பிளந்த டைனமைட்டே அவர்தம் ஆயுதமாயிற்று. தலைநகர் ஒவியேதோவின் பெரும்பகுதி அவர்கள் வசமானது. ஸ்பெயினின் பிற பகுதிகளில் இத்தகைய ஒற்றுமை வாய்க்கவில்லை. எழுச்சி விரைவில் அடங்கியது. தனித்து நின்ற அஸ்தூரியாஸ்மீது மொராக்கோவின் காலனியப் படைகள் ஏவப்பட்டன. மாட்ரிடிலிருந்து அவற்றை இயக்கியவர் ஜெனரல் பிராங்கோ. இரு வாரப் போருக்குப்பின் தொழிலாளர்கள் சரணடைந்தனர்.

அவர்களுடைய முழக்கம் யு.எச்.பி. என்னும் மூன்று எழுத்துகள். அதனைப் ‘பாட்டாளிச் சகோதரர்களின் ஒற்றுமை’ என்றும் விரிப்பர். ‘பாட்டாளிச் சகோதரர்களே, ஒன்றுபடுங்கள்’ என்றும் விரிப்பர். முன்னது பெயர்ச்சொல், பின்னது ஏவல்வினை. மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஏவலையே தேர்வேன். நம் தீர்மானங்களில் ஒற்றுமை பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே தங்கிவிடுகிறது. ஆலைவாயிலில் மாற்றுச் சங்கத் தோழரைச் சந்திக்கையில்தான் அது வினையாகிறது.

1936 பிப்ரவரித் தேர்தலில் மக்கள் முன்னணி வென்றது. அஸ்தூரியாசின் கைதிகளுக்குச் சிறைக்கதவுகள் திறந்தன. தோற்ற எழுச்சி விட்டுச்சென்ற ஏவல் அன்று செயலாயிற்று.