கழுவாயும் ஆலோசனையும்



தசலட்சண பர்வம் நிறைவுற்று, நெய்வேலிச் சமணக் குடும்பங்கள் ஒருவரையொருவர் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டிக்கொள்ளும் க்ஷமாவணி நாள் இது. பிழைத்தவன் முறையிட்டால் இறைவன் மன்னிப்பான் என்று நம்மைச் சூழ வாழ்வோர் பலர் நம்புகின்றனர். அதில் ஆறுதல் உண்டு. அருகனோ விருப்பும் வெறுப்பும் கடந்தவன், தண்டிப்பதுமில்லை, மன்னிப்பதுமில்லை. அங்ஙனமாயின், வருந்தும் நெஞ்சம் யாரிடம் செல்வது?

தத்துவார்த்த சூத்திரத்தின் 9ஆம் அத்தியாயம் அகத்தவம் ஆறனுள் கழுவாயை முதலில் வைக்கிறது. அக்கழுவாய் 9 வகைப்படும். அவற்றுள் முதலாவது ஆலோசனை. இக்காலத் தமிழில் அச்சொல் பிறர்க்குக் கூறும் யோசனையைக் குறிக்கிறது. ஆகமம் கொள்ளும் பொருளோ, தன் பிழையைத் தானே குருவின்முன் மறையாது உரைத்தல்.

உரைத்துவிட்டால் போதுமா? நம் முன்னோர் மனித மனத்தின் தந்திரங்களை நன்கறிந்தவர்கள். ஆலோசனைக்குப் 10 குற்றங்கள் உண்டென்று வகுத்தனர். பணிவிடையால் குருவின் மனத்தை இளக்கிவிட்டுப் பிறகு உரைப்பது ஒரு குற்றம். உடல் நலிவைக் காட்டி, எளிய கழுவாய் கிடைக்குமா என்று ஆழம் பார்ப்பது மற்றொன்று. பிறர் கண்ட பிழையை மட்டும் சொல்லிக் காணாததை விடுவதும், சிறியதைச் சொல்லிப் பெரியதை மறைப்பதும் குற்றங்களே. தன்னைப் போலவே பிழைத்தவரைத் தேடிச்சென்று சொல்வதும் குற்றம். அவர் கடியமாட்டார் அல்லவா!

பெரியதைச் சொல்லிச் சிறியதை விடுவதும் இப்பட்டியலில் உண்டு. யசோதர காவியத்தில் மன்னன் தாயின் சொற்கிணங்கிப் பலியிட்டது மாவினால் செய்த கோழியையே. மாவுதானே என்று எண்ணிய தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர்.

பலர் ஒருங்கே உரைக்கும் ஆரவாரத்தில் தன் பிழையையும் கலந்துவிடுவது சப்தாகுலிதம் என்னும் குற்றம். கைப்பேசி இல்லாத காலத்தில் வகுத்தது இது! இன்று ஒரே செய்தி இருநூறு பேருக்குப் போகிறது. அவ்விருநூற்றுள் ஒருவன் உடன்பிறந்த தம்பி என்று கொள்வோம். ஊரில் பங்கு நிலத்தின் வரப்பை அண்ணன் நகர்த்தியதிலிருந்து பேச்சில்லை. தம்பி குடியிருப்பது அடுத்த வட்டத்தில்தான்; ஷிப்ட் மாறும்போது இருவரும் எதிரெதிரே கடக்கின்றனர். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழை பொறுக்க" என்னும் செய்தி அவ்வரப்பைத் தொடுமா?

ஆண்டுக்கொரு நாள் போதாதா, நாள்தோறும் பிரதிக்கிரமணம் எதற்கு என்று இளைஞர் வினவுவதுண்டு. நெய்வேலியில் வாழ்வோர்க்கு இது எளிதில் விளங்கும். பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவுபகலாக இறைத்துத்தான் இங்குச் சுரங்கம் நடக்கிறது. வினை உயிரினுள் வந்து சேர்வதைத் தமிழ்ச் சமண நூல்கள் ஊற்று என்றே பெயரிட்டன. அதைத் தடுப்பது செறிப்பு, சேர்ந்ததைக் கழிப்பது உதிர்ப்பு.

ஆலோசனை கேட்க முனிவர் இங்கில்லையே என்பது நியாயமான குறை. கிழக்கே கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் ஒருகாலத்தில் பாடலிபுரம் என்னும் சமணக் கல்விப்பதியாக விளங்கியது. சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் லோகவிபாகத்தை நிறைவு செய்தது அங்கே என்பர். அத்தகைய பள்ளி இன்று அருகில் இல்லை. முனிவர் இல்லாவிடத்து ஜினபிம்பத்தின் முன் நின்று, பிழையைப் பெயர் சொல்லி உரைக்கலாம். பொதுவாகச் சொல்லாமல், எந்த வரப்பு, எத்தனை அடி என்று சொல்ல வேண்டும்.

பிறகு நிலத்தை அளக்க வேண்டும். அளந்து கொடுத்த பின்னும் தம்பி முகங்கொடாமல் போகலாம். அது அவன் உரிமை. அவன் முன்னரே இறந்திருந்தால், அந்த அடிகள் அவன் பிள்ளைகளின் பேரில் பதிவாக வேண்டும்.