மோலி ஐவர்சு எழுப்பிய வினா



அடிமை நாட்டில் ஆண் பேசினால் வீரம் என்பர்; பெண் பேசினால் பண்பின்மை என்பர். இவ்வழக்கின் பொய்ம்மையை உணர்த்தும் கதையொன்று அயர்லாந்தில் உண்டு. சேம்சு சாய்சு எழுதி 1914-இல் வெளிவந்த 'தப்ளின் மாந்தர்' தொகுப்பின் இறுதிக் கதையாகிய 'இறந்தோர்' அது.

கதைத்தலைவன் கேபிரியேல் ஓர் ஆசிரியன். ஆங்கில ஆட்சியைத் தாங்கும் நாளிதழில் மதிப்புரை எழுதுபவன். மோலி ஐவர்சும் ஆசிரியையே. கல்வியில் இருவரும் ஒத்தவர். ஆதலின் பெருஞ்சொல் பேசி அவளை மிரட்ட அவனால் இயலவில்லை. விருந்தில் ஆட்டத்தின் நடுவே, மேலைக் கடலின் ஆரன் தீவுகளுக்குக் கோடையில் வருமாறு அவள் அழைக்கிறாள். ஐரிசு மொழி மக்கள் நாவில் வாழும் நிலம் அது. அவனோ பிறமொழிப் பழக்கம் விட்டுப்போகாதிருக்கப் பிரான்சுக்கும் பெல்சியத்துக்கும் செல்பவன். பழகுதற்குச் சொந்த மொழி இல்லையா என வினவுகிறாள். ஐரிசு தன் மொழியன்று என்கிறான். தன் நாடே சலித்துவிட்டது என்கிறான். ஏன் என்கிறாள். விடையில்லை.

விடையற்றவன் செய்ததென்ன? மிகைக்கல்வி கற்ற புதுத் தலைமுறையிடம் பழைய விருந்தோம்பற் பண்பு இராது என விருந்துரையில் குத்துகிறான். அப்போது அவள் அங்கில்லை. உணவுக்கு முன்பே, ஐரிசு மொழியில் வாழ்த்துக் கூறி, நகைமுகத்தோடு சென்றுவிட்டாள். அவள் நேர்நின்று கேட்டாள்; அவன் அவள் போனபின் பேசினான். துணிவுடையார் யார்?

அதே தொகுப்பில் 'ஒரு தாய்' என்னும் கதையில் கார்னி அம்மையார் வருகிறார். பேசிய எட்டுக் கினிக் கூலியை மகளுக்காக அவர் வற்புறுத்திக் கேட்டது அறமே. ஆயினும் மகளுக்கு ஐரிசு ஆசிரியரை அமர்த்தியது மொழிப்பற்றாலன்று. மொழி மறுமலர்ச்சியால் மகள் பெயருக்கு மதிப்புத் தேடவே. அவருக்கு மொழி அணிகலன், மோலிக்கோ உயிர்.

மோலி வெறும் புனைவல்லள். 1893-இல் தோன்றிய கேலிக்குக் கழகம் பெண்டிரையும் உறுப்பினராக ஏற்றது. 1900-இல் மாட் கான் 'அயர்லாந்தின் மகளிர்' அமைப்பை நிறுவினார். மோலியின் குரல் அத்தகைய மகளிர் குரலே.

சாய்சு மொழியியக்கச் சார்பாளர் அல்லர். 1904-இல் நாட்டை விட்டே அகன்றவர். மோலியைச் சற்று எள்ளலோடுதான் தீட்டினார். எனினும் அவள் வினாவை அவர் எழுதுகோலும் அடக்கவில்லை. கதை முடிவில், மேற்கு நோக்கிப் புறப்படும் வேளை வந்ததெனக் கேபிரியேலின் உள்ளம் உணர்கிறது. அவள் சுட்டிய திசை அதுவே!

மோலி போய்விட்டாள், வினா போகவில்லை. வினவும் மகளை வாயடக்காதீர். அவள் வினாவுக்கு விடை தேடுங்கள்.