பணம் வாங்குவதற்குப் ‘பின்’ எதற்கு?

(அந்தமான் தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்தில் நடைபெற்ற அன்பர்கள் கூட்டத்தில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. எல்லா ஊர்களிலும் உள்ள உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

நண்பர் இல்லத்து சஷ்டியப்தபூர்த்திக்காக இரண்டு வருஷங்களுக்கு மேல் கழித்து இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். நான் போகும்போது இது போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் பெயர் மாற்றி, இப்போது ஸ்ரீவிஜயபுரம். வந்தவனை நம் அன்பர்கள் சும்மா விடவில்லை. “மாமா, ஏதாவது பேசுங்கள்” என்றார்கள். எனக்கு உபந்யாசம் செய்யத் தெரியாது. நான் தெரிந்துகொண்ட ஒரே ஒரு பாடத்தைச் சொல்கிறேன். அதற்கு நான் கட்டிய ஃபீஸ் 27,000 ரூபாய்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போல மாற்றலில் வந்தவர்கள். இரண்டு மூன்று வருஷத்தில் மூட்டை கட்ட வேண்டியவர்கள். சென்னைக்குக் கப்பல் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். சாமான்களை ஏற்றி இறக்கும் செலவைக் கணக்குப் பார்த்தால், பாதிச் சாமான்களை இங்கேயே விற்றுவிட்டுப் போவதுதான் லாபம். முன்பெல்லாம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு சீட்டு ஒட்டுவோம். கோயிலில் நாலு பேரிடம் சொல்லி வைப்போம். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் வந்து சேர்ந்தது. அதன் பிறகு இங்கேயும் எல்லாம் கைபேசியிலேயே என்று ஆகிவிட்டது. பேத்தியின் முகத்தை வீடியோவில் தடங்கலில்லாமல் பார்க்க முடிந்தது. அதே வழியாகத் திருடனும் வந்து சேர்ந்தான்.

2023 ஜூலையில் நான் ஓய்வு பெற்றேன். எங்கள் அகத்தில் படாக் மரத்தில் செய்த ஊஞ்சல் ஒன்று இருந்தது. படாக் சாமானைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டுமானால் வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஊஞ்சல் வாங்கிய ரசீதை எங்கேயோ தொலைத்துவிட்டேன். காகிதம் இல்லாமல் அலைவானேன் என்று, மனசில்லாமல்தான் விற்க முடிவு செய்தோம். படம் எடுத்து, 18,000 ரூபாய் என்று விலை போட்டு, என் மனைவி தன் கைபேசி எண்ணோடு விளம்பரம் கொடுத்தாள். நான் பென்ஷன் காகிதங்களோடு ஆபீசில் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஹிந்தியில் பேசினான். இந்த ஊரில் தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லோருக்கும் பொது பாஷை ஹிந்திதானே. அதனால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தான் ராணுவ அதிகாரி என்றும், பிர்ச்கஞ்சுக்கு மாற்றல் ஆகியிருக்கிறது, இன்னும் பத்து நாளில் வந்துவிடுவேன் என்றும் சொன்னான். “மாதாஜி, என் அம்மாவுக்கு ஊஞ்சல் என்றால் உயிர். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன்” என்றான். சீருடையில் ஒரு போட்டோ, அடையாள அட்டையின் படம் எல்லாம் அனுப்பினான்.

முப்படைகளுக்கும் பொதுவான கமாண்ட் 2001-லிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு சீருடையைப் பார்க்கிற ஊர். சீருடை என்றாலே நமக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவன் முதலில் திருடினான்.

அப்புறம் சொன்னான்: “எங்கள் ராணுவக் கணக்கில் பணம் அனுப்பும் முறை வேறு. ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்புகிறேன். ஸ்கேன் செய்து 5 ரூபாய் போடுங்கள். உங்களுக்கு 10 ரூபாயாகத் திரும்பி வரும்.” அவளும் டேப்லெட்டில் வந்த படத்தைக் கைபேசியால் ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போட்டாள். 5 ரூபாய் போயிற்று. உடனே 10 ரூபாய் வந்தது! நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த கோடு 9,000 ரூபாய்க்கு. “இதைச் செய்தால் 18,000 வரும்” என்றான். 9,000 போயிற்று, எதுவும் வரவில்லை. “ஐயையோ, சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டது மாதாஜி. 18,000-க்கு ஒரு தடவை செய்தால்தான் முந்தினதும் சேர்ந்து விடுபடும்” என்று அவசரப்படுத்தினான். போன 9,000-ஐ மீட்க வேண்டுமே என்ற பதற்றத்தில் 18,000-மும் போயிற்று. அதன் பிறகு போன் எடுக்கப்படவில்லை.

நடந்தது என்ன என்று பாருங்கள். ஸ்கேன் செய்து பின் போட்டதெல்லாம் நம் கணக்கிலிருந்து அவனுக்குக் கொடுத்தது. அந்த 10 ரூபாய் அவன் தன் கையால் தனியாக அனுப்பியது. தூண்டிலில் வைத்த புழு அவ்வளவுதான். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதுபோல நம்ப வைத்ததுதான் அவனுடைய வித்தை.

இதுவரை சொன்னது பணம் போன கதை. நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

என் மனைவி இதை என்னிடம் சொல்லவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல் புரண்டிருக்கிறாள். நான் கேட்டதற்கு, “ஊரை விட்டுப் போறோமேன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் சாமான் கட்டுகிறவருக்குப் பணம் கொடுக்கக் கணக்கைப் பார்க்கப் போனபோதுதான், “ஏன்னா, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கப்படாது” என்றாள்.

ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின மாதம் என் சக ஊழியர் ஒருவர் இதே மாதிரி ஏமாந்திருந்தார். நம் அகத்தில் காப்பி சாப்பிட வந்த நாலு பேர் முன்னால் நான், “படித்தவன் இதில் போய் ஏமாறுவானா? புத்தி எங்கே போச்சு?” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவள் காதில் இருந்திருக்கிறது. பணத்தைக் கொண்டுபோனவன் யாரோ ஒருவன். புகார் கொடுக்க வேண்டிய இரண்டு நாளைக் கொண்டுபோனவன் நான்.

அப்புறம் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன், போலீசில் எழுதிக் கொடுத்தேன், வங்கிக்குப் போனேன். அதற்குள் அந்தப் பணம் வேறு வேறு கணக்குகளுக்குத் தாவி, எடுக்கப்பட்டுவிட்டது. நமக்குத் தெரியாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். “பின் நம்பரை உங்கள் வீட்டார்தானே போட்டார்கள்” என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பைசாவும் திரும்பவில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில், அப்போது டெல்லி முதல்வராக இருந்த அரவிந்த் கேஜ்ரிவாலின் மகள், பழைய சோபா ஒன்றை இணையத்தில் விற்கப் போய் 34,000 ரூபாய் இழந்தார். அங்கேயும் முதலில் சிறு தொகை வந்தது, பிறகு க்யூ.ஆர். கோடு, பிறகு இரண்டு தவணையாகப் பணம் போயிற்று. முதல்வர் வீட்டிலேயே நடந்தது நம் வீட்டில் நடக்காதா? ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டிலும், தொலைதூரத்தில் பணிபுரியும் ராணுவத்தினர் போல நடித்து ஏமாற்றும் இந்த வழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. நான் ஏமாந்த பிறகுதான் அதைப் படித்தேன்.

இனி, அடையாளம் கண்டுகொள்வது எப்படி? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, வாங்குகிறவனுடைய நடத்தை. பழைய சாமானை வாங்குகிறவன் வந்து பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், பேரம் பேசுவான். பார்க்காமல், பேரமும் பேசாமல், இப்போதே பணம் என்று பறப்பவனிடம் ஜாக்கிரதை. ஹேடோவிலிருந்து காராசர்மாவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? நிஜமாக வாங்குகிறவன் தானே வருவான், அல்லது ஒரு ஆளையாவது அனுப்புவான்.

இரண்டாவது, சீருடையும் அடையாள அட்டையும் படமாக வந்தால் அது சாட்சியே இல்லை. வேறு யாருடைய படமாகவும் இருக்கலாம். ராணுவத்தில் இருப்பவரும் தன் வீட்டுக்கு ஊஞ்சல் வாங்கினால், நம்மைப் போலத் தன் சொந்தக் கணக்கிலிருந்துதான் பணம் தருவார். அதற்கென்று தனி முறை எதுவும் கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். யு.பி.ஐ.யில் பின் நம்பர் கேட்பது பணம் அனுப்புவதற்கும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும்தான். பணம் வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் போட வேண்டாம், ஓ.டி.பி. சொல்ல வேண்டாம். உண்டியலில் காசு போடுகிறவன் சாவி கேட்கிறானா? சாவி கேட்டால் அவன் எடுக்க வந்தவன். தனிநபருக்குத் தனிநபர் “பணம் கொடு” என்று அனுப்பும் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஒரு கதவு மூடியது நல்லதுதான். ஆனால் ஸ்கேன் என்ற கதவு திறந்தேதான் இருக்கிறது.

நான்காவது, பணம் வந்துவிட்டதாக வரும் எஸ்.எம்.எஸ்.ஸும், “அனுப்பிவிட்டேன்” என்று காட்டும் படமும். இரண்டையும் போலியாகச் செய்யலாம். 10 இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து “உங்கள் கணக்கில் வரவு” என்று செய்தி வந்தால் அது வங்கி அனுப்பியதல்ல. இன்னொரு தந்திரமும் உண்டு. 3,000-க்குப் பதில் 30,000 அனுப்பிவிட்டேன், மீதி 27,000-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று அழுவான். செய்தியை நம்பாதீர்கள். நீங்களே வங்கிச் செயலியைத் திறந்து கணக்கைப் பாருங்கள். வந்திருந்தால்தான் வந்தது.

ஐந்தாவது, கூரியர்காரர் பணம் கொண்டுவருவார், அதற்கு முன்பணம் கட்டுங்கள் என்பது. லிங்க் அனுப்பிக் கார்டு விவரம் கேட்பது. உங்கள் திரையை அவன் பார்க்கும்படியான செயலியை இறக்கச் சொல்வது. மூன்றும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அங்கே சொன்ன விலைக்கு மேல் செக் கொடுத்து, மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். செக் பணம் சீக்கிரமே கணக்கில் வந்ததுபோலக் காட்டும். அது போலி என்று தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் நாம் திருப்பிக் கொடுத்த நிஜப் பணம் போயிருக்கும். தேசம் எதுவானாலும் தந்திரம் ஒன்றுதான்: வாங்க வேண்டியவரைக் கொடுக்க வைப்பது.

தப்பித் தவறி நடந்துவிட்டால்? யோசிக்காமல் உடனே 1930. கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் போனதற்கான 12 இலக்கக் குறிப்பு எண்ணையும், அவனோடு நடந்த சம்பாஷணையையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உதவி எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், அங்கேயும் போலிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடு என்று வருகிறவனும் அதே கூட்டம்தான். என் நண்பர் ஒருவர் பிறகு 15,000 ரூபாய் ஏமாந்தார். அரை மணிக்குள் 1930-க்குச் சொன்னார். பெரும்பகுதி வழியிலேயே நிறுத்தப்பட்டு, சில மாதங்களில் திரும்பி வந்தது. அவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் புத்திசாலித்தனமல்ல, அரை மணிக்கும் மூன்று நாளுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அந்த அரை மணி நேரம் யார் கையில் இருக்கிறது? வீட்டில் இருக்கும் மற்றவர்கள் கையில். வீட்டில் பெரியவர்களோ, மனைவியோ, கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ இப்படி வந்து சொன்னால், முதல் வார்த்தை “எப்படி ஏமாந்தே?” என்று இருக்கக் கூடாது. “சொன்னது நல்லதாப் போச்சு, போனை எடு” என்று இருக்கட்டும். அதைவிட, இன்றைக்கே வீட்டுக்குப் போய், “இந்த மாதிரி ஏதாவது நடந்தால் உடனே சொல்லு, நான் திட்ட மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏமாந்த அன்றைக்கு அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் கதையைச் சபையில் சொல்லலாமா என்று மனைவியிடம் கேட்டேன். “தாராளமாச் சொல்லுங்கோ. ஆனா நீங்க சிரிச்சதையும் சேர்த்துச் சொல்லணும்” என்றாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டேன்.

ஊஞ்சல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்கவில்லை. பக்கத்து வீட்டு மாமிக்கே கொடுத்துவிட்டுப் போனோம். இன்று காலை அவர் அகத்தில் அதில் உட்கார்ந்துதான் காப்பி சாப்பிட்டோம்.